வீட்டில் கோழி வளர்ப்பு: தொடங்கும் முன் மூன்று பாடங்கள்

(இரண்டாம் ஆண்டு மாணவி, மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது "நம்ம டிபார்ட்மெண்ட் சார்பா சோலார் பத்தி எழுதுடி" என்று தோழிகள் சொன்னார்கள். சோலாரைப் பற்றி எழுத என்னைவிட நன்றாகப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குச் சொந்தமாகத் தெரிந்த விஷயம் கோழி. அதையும் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, தப்புப் பண்ணித்தான் தெரிந்துகொண்டேன். நம் கல்லூரியில் பாதிப் பேர் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்திலிருந்து வருகிறோம். வீட்டுக்குப் பின்னால் நாலு முழம் இடமோ, தலைக்கு மேல் ஒரு மொட்டை மாடியோ இருக்கிற யாரும் கோழி வளர்க்க நினைக்கலாம். அவர்கள் என்னைப் போல் தடுமாறக் கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

எங்கள் வீட்டைப் பற்றி ஒரு வரி. அப்பா துறைமுகத்தில் லோடு வேலை. அம்மா வீட்டு வாசலில் இட்லி போடுகிறார். ஆயா கருவாடு விற்கிறார். பத்தாம் வகுப்பைத் தாண்டி காலேஜ் வாசலை மிதித்தது எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல் ஆள். தம்பி ஆறாம் வகுப்பு, ஒல்லிப் பையன். பள்ளிக்கூடம் இருக்கிற நாளில் சத்துணவில் முட்டை கிடைக்கும். லீவு விட்டால் முட்டையும் லீவு. லீவு நாளிலும் அவனுக்கு ஒரு முட்டை வேண்டும் என்றுதான் நான் கோழி வளர்க்க ஆரம்பித்தேன்.

எந்தக் கோழி வாங்குவது?

கோழி நம் மக்களுக்குப் புதிய ஜீவன் அல்ல. முருகன் கொடியில் சேவல் இருக்கிறது. விழுப்புரம் பக்கத்து அரசலாபுரத்தில், சண்டையில் செத்த சேவலுக்கு அந்தக் காலத்திலேயே நடுகல் வைத்திருக்கிறார்கள். ஆனால் கடைக்குப் போய் "கோழிக்குஞ்சு குடுங்க" என்று பொதுவாகக் கேட்டால் ஏமாறுவோம். எதற்காக வளர்க்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

1. பண்ணை முட்டைக்கோழி: நாமக்கல்லில் கூண்டில் வளர்ப்பது இந்த வகை. வருஷத்துக்கு 300 முட்டைக்கு மேல் இடும். ஆனால் அளந்த தீவனம், அளந்த வெளிச்சம் எல்லாம் சரியாக இருந்தால்தான் அந்தக் கணக்கு வரும்.

2. கறிக்கோழி (பிராய்லர்): ஆறு வாரத்தில் சுமார் இரண்டு கிலோ எடை வரும். முட்டைக்கு உதவாது.

3. நாட்டுக்கோழி: சிறுவிடை, பெருவிடை, அசீல் போன்றவை. வருஷத்துக்கு ஏறக்குறைய 60 முதல் 80 முட்டைதான். ஆனால் அடை உட்காரும், குஞ்சைத் தானே காப்பாற்றும். சிறுவிடை இதில் கெட்டிக்காரி.

4. மேம்படுத்தப்பட்ட வீட்டுக்கோழி: ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய வனராஜா, கிராமப்ரியா, நம் மாநிலத்துக் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய நந்தனம் கோழி ஆகியவை இதில் சேரும். நாட்டுக்கோழியைவிட அதிகம் முட்டையிடும், நம் வெயிலையும் தாங்கும். ஆனால் அடை உட்காருவது குறைவு.

அந்தப் பல்கலைக்கழகம் 1989இல் தொடங்கப்பட்டது. அதன் தலைமையகம் நமக்குப் பக்கத்திலேயே, மாதவரம் பால்பண்ணையில் இருக்கிறது. கோழி ஆராய்ச்சி நிலையமும் அங்கேதான். ஆனால் நான் முதலில் மாதவரத்துக்குப் போகவில்லை. காலடிப்பேட்டை மார்க்கெட் பக்கம் கூடையில் பச்சை, ரோஸ், மஞ்சள் என்று கலர் கலராக விற்றார்கள் பாருங்கள், அதில் பத்துக் குஞ்சு வாங்கினேன். அம்மா இட்லி விற்ற காசு.

அந்தக் கலர் குஞ்சு எங்கிருந்து வருகிறது என்று பிற்பாடுதான் தெரிந்தது. முட்டைக்கோழிக் குஞ்சு பொரிக்கிற இடத்தில் பாதிக்குப் பாதி ஆண் குஞ்சு வரும். அது முட்டை இடாது, பிராய்லர் மாதிரி சீக்கிரம் கறியும் வைக்காது. பண்ணைக்குப் பிரயோஜனம் இல்லாத அந்தக் குஞ்சுக்குச் சாயம் அடித்துத் தெருவுக்கு அனுப்புகிறார்கள். அதாவது, முட்டைக்காக நான் வாங்கியதில் ஒன்றுகூட முட்டை இடப்போவதில்லை! ஆகவே நண்பர்களே, கலர் குஞ்சை வாங்காதீர்கள். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை மாதிரி பல ஊர்ப் பறவைகள் கலக்கிற இடத்தில் வாங்கினாலும், இரண்டு வாரமாவது தனியாக வைத்துப் பார்த்த பிறகே மற்றக் கோழிகளோடு விட வேண்டும்.

முதல் பாடம்: சூடு

அது ஐப்பசி மாதம், நான் முதலாம் ஆண்டு. அட்டைப் பெட்டியில் குஞ்சுகளை விட்டேன். குஞ்சுக்கு பல்பு போட வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தேன். நான் கரண்ட்டு படிக்கிற பொண்ணு ஆச்சே! 9 வாட்ஸ் எல்இடி பல்பு ஒன்றை மேலே தொங்கவிட்டேன். அதன் பெட்டியில் "60 வாட்ஸ் பல்புக்குச் சமம்" என்று போட்டிருந்தது. கரண்ட்டும் மிச்சம், குஞ்சுக்கும் பல்பு ஆச்சு என்று பெருமையாகப் படுத்தேன். அன்று இரவு நல்ல மழை.

காலையில் பார்த்தால் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, அடியில் இருந்த ஆறு செத்துக் கிடந்தன. மூன்று நாளில் இன்னும் மூன்று போய்விட்டன. மிஞ்சியது ரோஸ் கலர் ஒன்றே ஒன்று. ஆயா செத்த குஞ்சுகளை முறத்தில் அள்ளிக்கொண்டே சொன்னார்: "கரண்ட்டு படிக்கிறேன்னு சொல்ற, ஒரு பல்பு போடத் தெரியலியேடி உனுக்கு." எந்தத் தேர்விலும் எனக்கு அவ்வளவு அவமானம் வந்ததில்லை.

நடந்தது என்ன? 60 வாட்ஸ் குண்டு பல்பு, தான் வாங்குகிற மின்சாரத்தில் பெரும் பகுதியைச் சூடாகத்தான் வெளியே விடுகிறது. வெளிச்சம் அதில் சின்னப் பங்கு. அதனால்தான் விளக்கு என்கிற கணக்கில் அது வீண், குஞ்சுக்கு வரம். எல்இடி பல்பு வெளிச்சத்தில் மட்டுமே 60 வாட்ஸுக்குச் சமம். அது வாங்குவதே மொத்தம் 9 வாட்ஸ். சூடாக மாறுகிற பகுதியும் பல்பின் பின்பக்கத்தில்தான் தங்கும், கீழே இருக்கிற குஞ்சுக்கு வராது. பெட்டியில் எழுதியிருந்தது பொய் அல்ல. நான்தான் வெளிச்சத்தையும் வெப்பத்தையும் ஒன்றென்று நினைத்துவிட்டேன். பவர் என்ற பாடத்தை அன்றைக்குத்தான் ஒழுங்காகப் படித்தேன்.

கோழியின் உடம்புச் சூடு சுமார் 41 டிகிரி செல்சியஸ். ஆனால் பிறந்த குஞ்சுக்கு அந்தச் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ளத் தெரியாது. மேலே இருப்பது வெறும் பஞ்சு. இறகு முளைக்க நாலு வாரமாவது ஆகும். அதுவரை தாய்க்கோழியின் இறக்கையோ, நம்முடைய பல்போ வேண்டும். முறை இதுதான்:

அ) முதல் வாரம் குஞ்சின் முதுகு உயரத்தில் 35 டிகிரி. பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைக்கலாம். பல்பை மேலே தூக்கினால் சூடு குறையும்.

ஆ) பத்துப் பன்னிரண்டு குஞ்சுக்கு 60 வாட்ஸ் குண்டு பல்பு ஒன்று போதும். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் ஆரம்பியுங்கள். ஒயரிலேயே தொங்கவிடாதீர்கள், சங்கிலி கட்டுங்கள். பிளாஸ்டிக் ஹோல்டர் சூட்டில் இளகும், பீங்கான் ஹோல்டர் போடுங்கள். கீழே இருப்பது உமியும் பேப்பரும், விழுந்தால் தீப்பிடிக்கும் என்பதை நம் துறைக்காரர்கள் மறக்கக் கூடாது.

இ) பெட்டிக்கு மூலையே இருக்கக் கூடாது. அட்டையை வட்டமாக வளைத்து நிறுத்துங்கள். மூலை இருந்தால் ஏறி நசுக்கிக்கொள்ளும்.

ஈ) தெர்மாமீட்டர் இல்லையென்றால் குஞ்சே தெர்மாமீட்டர். பல்புக்கு அடியில் குவிந்து கத்தினால் குளிர். ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பரவலாக உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தால் சரி.

செலவு எவ்வளவு? 60 வாட்ஸ் பல்பு இரவு 12 மணி நேரம் எரிந்தால் 0.72 யூனிட். மூன்று வாரத்துக்கு 15 யூனிட் சொச்சம். சித்திரை வைகாசியில் நம் ஊர்ப் பகல் தானாகவே 35 டிகிரி, அப்போது ராத்திரிக்கு மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். கார்த்திகை மார்கழியில் பகலிலும் தேவைப்படலாம்.

"இம்மாங் கஸ்டம் இன்னாத்துக்கு? அடைக்கோழி ஒண்ணு இருந்தா கரண்ட்டே வேணாம்" என்றார் ஆயா. அதுவும் உண்மை. அடையில் இருக்கிற நாட்டுக்கோழி கிடைத்தால், ஒருநாள் குஞ்சுகளை ராத்திரி இருட்டில் அதன் இறக்கைக்கடியில் மெதுவாகத் தள்ளிவிட்டால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். எங்களிடம் அப்போது அடைக்கோழி இல்லை. ஏன் இல்லை என்பது இரண்டாம் பாடம். அதற்கு முன் தீனியும் கூடும்.

தீனி, தண்ணீர், கூடு

மார்கழியில் மறுபடி ஆரம்பித்தேன். இந்தத் தடவை மாதவரத்துக்குப் போய் விசாரித்து, அவர்கள் சொன்ன யோசனைப்படி, மேம்படுத்தப்பட்ட இனத்தில் பத்து ஒருநாள் குஞ்சு வாங்கினேன். 60 வாட்ஸ் குண்டு பல்பு. பத்தும் பிழைத்தன! என் ரெக்கார்டு நோட்டில் தேதி வாரியாகச் சூடு, தீனி, எடை எழுதினேன்.

குஞ்சுக்கு முதல் எட்டு வாரம் குஞ்சுத் தீவனம் கொடுப்பதே நல்லது. அதில் புரதம் 20 சதவீத அளவில் இருக்கும். அரிசி நொய் மட்டும் போட்டால் வயிறு நிறையும், உடம்பு வளராது. பெரிய கோழி ஒரு நாளைக்கு 100 முதல் 120 கிராம் தின்னும். வீட்டில் மிஞ்சுகிற சோறு, கீரைத்தண்டு இதெல்லாம் கூடச் சேர்க்கலாமே தவிர, அதுவே முழுத் தீனி ஆகாது.

நம் பக்கத்தில் மீன் கழிவுக்குக் குறைவில்லை. காசிமேட்டில் காய்கிற பொடி மீன் கோழித்தீவனத்துக்குத்தான் போகிறது. ஆனால் உப்புப் போட்ட கருவாட்டைக் குஞ்சுக்குப் போடாதீர்கள். உப்பு அதிகமானால் தண்ணீர் குடித்துக் குடித்தே கழிந்து செத்துப் போகும். உப்பில்லாமல் காய்ந்த மீனைத் தூளாக்கிக் கொஞ்சமாகச் சேர்க்கலாம். அதிகம் சேர்த்தால் முட்டையில் மீன் வாடை அடிக்கும். எங்கள் வீட்டிலேயே "ஆம்லெட் போட்டியா, மீன் வறுத்தியா" என்று அப்பா கேட்டிருக்கிறார்.

முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். கிளிஞ்சலை இடித்துத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், தேவையானதை அதுவே எடுத்துக்கொள்ளும். தண்ணீர் மிக முக்கியம். நம் பகுதிப் போர் தண்ணீர் பல தெருவில் உப்பு. நாம் குடிக்கிற தண்ணீரையே கோழிக்கும் வையுங்கள். குஞ்சுக்குத் தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டால் விழுந்து மூழ்காது.

கூட்டுக்கு ஒரு கோழிக்கு 2 முதல் 3 சதுர அடி இடம் வேண்டும். எதிரிகள் பூனை, காக்காய், பெருச்சாளி. என் பத்தில் ஒன்றை ஒன்றரை மாதத்தில் பெருச்சாளி கொண்டுபோனது. ஆகவே அரை அங்குல வலை அடியுங்கள். கூட்டைத் தரையிலிருந்து உயர்த்திக் கட்டுங்கள். 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளமும் நமக்கு மறக்காது.

கூட்டுக்குள் உமி பரப்பி, வாரம் இரண்டு தடவை கிளறிவிட வேண்டும். நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். ஈர எச்சத்திலிருந்து அமோனியா வரும். அமோனியா என்றால் என்னவென்று நம் பக்கத்து ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கசிந்தபோது கண்ணெரிச்சலோடு தெருவுக்கு ஓடி வந்தவர்கள் நம் வகுப்பிலேயே இருக்கிறார்கள். அடைத்த கூட்டுக்குள் கோழி அதையே தினமும் சுவாசித்தால் அதற்கும் கண் எரியும், சளி பிடிக்கும். பக்கத்து வீட்டுக்காரரும் சண்டைக்கு வருவார்.

இரண்டாம் பாடம்: தடுப்பூசி

சில வருஷம் முன்பு ஆயா பன்னிரண்டு நாட்டுக்கோழி வைத்திருந்தார். ஒரு கோடையில் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்தைத் திருகிக்கொண்டு, ஒரே வாரத்தில் பன்னிரண்டும் போய்விட்டன. "கண்ணு பட்டுப் போச்சு" என்று ஆயா அதோடு கோழியை விட்டுவிட்டார். அது கண்ணு இல்லை, வெள்ளைக்கழிச்சல். ராணிக்கெட் நோய் என்றும் சொல்வார்கள். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் முதலில் கண்டார்கள். அடுத்த ஓரிரு வருஷத்தில் இமயமலை அடிவாரத்து ராணிக்கெட் ஊரில் கண்டதால் இந்தியாவில் அந்தப் பெயர் நிலைத்தது. இதற்கு மருந்து கிடையாது. தடுப்பூசி உண்டு. அந்தத் தடுப்பூசியைத் தயாரிக்கிற அரசு நிறுவனம் நம் ராணிப்பேட்டையில் இருக்கிறது. ராணிக்கெட்டுக்கு ராணிப்பேட்டை என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்!

வழக்கமான அட்டவணை: 5 முதல் 7 நாளுக்குள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து. 14ஆம் நாள் கம்போரோ நோய்க்குச் சொட்டு மருந்து. 28ஆம் நாள் மறுபடி கழிச்சலுக்கு. ஆறாம் வாரம் அம்மைக்கு. எட்டாம் வாரம் கழிச்சலுக்கு ஊசி, இறக்கைத் தோலுக்கு அடியில் அரை மில்லி. ஆரோக்கியமாக இருக்கிற பறவைக்கு மட்டுமே போட வேண்டும். உங்கள் பகுதிக் கால்நடை மருத்துவர் சொல்கிறபடி நாள் சற்று மாறலாம்.

இதில் நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு சிக்கல். சொட்டு மருந்துக் குப்பியில் நூறு கோழிக்கோ அதற்கு மேலோ இருக்கும். உடைத்துக் கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். அதுவரை ஐஸில், 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெயிலில் பையில் போட்டு எடுத்துவந்தால் அது மருந்து இல்லை, வெறும் தண்ணீர். என்னிடம் பத்துக் குஞ்சு. மிச்சத்தை என்ன செய்வது? எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் கோழி வைத்திருக்கிறவர்கள் வீட்டுக்கெல்லாம் போய்ப் பேசினேன். அம்மா இட்லிக்குத் தண்ணீர் கொண்டுபோகிற பிளாஸ்கில் ஐஸ் போட்டு மருந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு வீட்டுக் கோழி எங்கள் வாசலில் நின்றது. காசைப் பங்கு போட்டோம். பெரிய கோழிக்கு அரசாங்கமே பிப்ரவரி மாதத்தில் இரு வாரக் கழிச்சல் தடுப்பூசி முகாம் இலவசமாக நடத்துகிறது. என் குஞ்சுகளுக்கு எட்டு வாரம் ஆனபோது முகாமும் வந்தது. ஒன்பதுக்கும் போட்டுவிட்டேன். அந்தக் கோடையில் எங்கள் தெருவில் கழிச்சலில் ஒரு கோழிகூடச் சாகவில்லை. ஆயா கண்ணு பட்ட பேச்சை எடுப்பதில்லை.

இன்னொன்று, பறவைக் காய்ச்சல். இந்தியாவில் முதலில் 2006இல் மகாராஷ்டிர மாநிலம் நவாபூரில் வந்தது. கோழியோ காக்காயோ கூட்டமாகச் செத்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். சாதாரண நாளிலும் கோழியைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

மூன்றாம் பாடம்: மண்

இந்தப் பாடத்தை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். ஏனென்றால் இது எங்கள் வீட்டு விஷயம்.

ஒன்பதில் நாலு சேவல், ஐந்து பெட்டை. சேவல்களைத் திருவிழாவுக்கு விற்றோம். பெட்டைகளைப் பகலில் வீட்டுக்குப் பின்னால் மேய விட்டேன். ஆனியில் முதல் முட்டை. அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் வேக வைத்தார். மூன்று வாரம் தம்பிக்குத் தினமும் ஒரு முட்டை.

அந்த நேரத்தில் எங்களுக்கு லேபில் சால்டரிங் வந்தது. சார் முதல் நாளே சொன்னார்: "சால்டர் கம்பியில் ஈயம் இருக்கு. கை கழுவாம யாரும் டிபன் பாக்ஸைத் தொடக் கூடாது. அது உடம்புல ஏறினா லேசுல இறங்காது." நான் கம்பியை உருக்கினேன். வெள்ளி மாதிரி மினுமினுத்து உருண்டது. அந்த மினுமினுப்பை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. பஸ்ஸில் வரும்போது ஞாபகம் வந்தது. வீட்டுக்குப் பின்னால், முருங்கை மரத்தடியில்.

எங்கள் தாத்தா வலைக்கு ஈயக் குண்டு வார்த்தவர். வலை முங்குவதற்கு அடிக்கயிற்றில் ஈயம் கட்டுவார்கள். பழைய ஈயத்தையும் பேட்டரித் தகட்டையும் வாங்கி, அடுப்பில் உருக்கி, அச்சில் ஊற்றுவார். ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும், விறகு அடுப்பே போதும். அவர் இறந்து பல வருஷம் ஆகிறது. ஆனால் ஈயம் மக்கிப் போகிற பொருள் அல்ல. அவர் உட்கார்ந்த அந்த இடத்தில்தான் என் கோழிகள் நாள் முழுக்கச் சீய்த்துக்கொண்டிருந்தன.

கோழிக்குப் பல் இல்லை. அதனால் சின்னக் கல்லைப் பொறுக்கி விழுங்கும். வயிற்றில் அரைவைப்பை என்று ஒன்று இருக்கிறது. அந்தக் கல்லை வைத்துத்தான் தானியத்தை அரைக்கும். கல் என்று நினைத்து ஈயத் துணுக்கையோ பழைய பெயிண்ட் செதிலையோ விழுங்கினால் அதையும் அரைக்கும். அது ரத்தத்துக்குப் போகும், எலும்பில் தங்கும், முட்டைக்கும் போகும். கோழி பார்க்க நன்றாகத்தான் இருக்கும். முட்டையும் ருசியில் மாறாது. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்தில் வீட்டுத் தோட்டத்துக் கோழிகளைச் சோதித்து 2022இல் வெளியிட்ட ஆய்வில், கடை முட்டையைவிட வீட்டு முட்டையில் சராசரியாக 40 மடங்கு ஈயம் இருந்தது. பழைய வீடுகளின் பெயிண்டும் அந்த நகரத்து மண்ணும் காரணம். ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்ல ஒரு அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளுக்கு மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

அன்று ராத்திரி வீட்டில் சொன்னேன். முட்டையைத் தம்பிக்குக் கொடுக்க வேண்டாம் என்றதும் அம்மாவுக்குக் கோபம். "நல்ல முட்டையத் தூக்கிப் போடச் சொல்றியா? இதுக்கா ஆறு மாசம் வளத்தோம்?" ஆயா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அது உங்க தாத்தா குந்துன எடம்டி. அந்த ஈயத்துல தான் வலை முங்குச்சு. அந்த வலையில தான் உங்கப்பன் சோறு துன்னான். இப்ப அது வெசமா?"

எனக்குப் பதில் வரவில்லை. இரண்டும் உண்மைதான் என்று இப்போது தோன்றுகிறது. அந்த ஈயம் சோறும் போட்டது. அது ஈயமாகவும் இருந்தது. தாத்தாவுக்கு யாரும் லேபில் நிற்க வைத்துச் சொல்லித்தரவில்லை. எனக்குச் சொல்லித்தந்தார்கள், அதுதான் வித்தியாசம். படித்துவிட்டுச் சும்மா இருந்தால் அந்தப் படிப்பு எதற்கு?

அப்பாதான் முடிவு செய்தார். அடுத்த ஞாயிறு, முருங்கை மரத்தடி முழுக்க உடைந்த டைல்ஸ் போட்டு சிமெண்ட் பூசினோம். பூசும் முன் மண்ணை நனைத்துக்கொண்டோம், தூசு பறக்கக் கூடாது அல்லவா. கூட்டை மொட்டை மாடிக்கு ஏற்றினோம். மேலே தென்னங்கீற்று, வெயிலில் நனைத்த கோணி. பழைய ஐந்து பெட்டைகளை விற்றுவிடலாம் என்றார் ஆயா. வாங்குகிற வீட்டிலும் ஒரு தம்பி இருப்பானே! விற்கவில்லை. அவை தனியாக இருக்கின்றன, அவற்றின் முட்டையை யாருக்கும் கொடுப்பதில்லை. ஆவணியில் புதிதாகப் பத்துக் குஞ்சு, மாடியிலேயே வளர்த்தது. தை பிறந்ததிலிருந்து அவை முட்டை இடுகின்றன. அந்த முட்டையைத்தான் தம்பி சாப்பிடுகிறான். மிஞ்சுகிற முட்டை விற்ற காசைத் தனி டப்பாவில் போடுகிறோம். மண்ணைச் சோதனைக்குக் கொடுக்கவும், தம்பிக்கு ரத்தத்தில் ஈயம் பார்க்கவும் அந்தக் காசு.

நம் பகுதியில் இந்தப் பாடம் எல்லாருக்கும் வேண்டும். எண்ணூர் அனல் மின் நிலையம் 1970இல் தொடங்கி 2017இல் மூடப்பட்டது, ஆனால் இந்தப் பக்கத்தில் நிலக்கரிச் சாம்பல் கொட்டிய தாழ்வான நிலங்கள் அப்படியே இருக்கின்றன. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து கரை வீடுகளுக்குள் வந்தது. படகுக்கு அடித்த பழைய பெயிண்ட் செதில், பேட்டரி உடைத்த இடம், குப்பை எரித்த இடம் எல்லாத் தெருவிலும் உண்டு. அதனால் கோழி வளர்க்காதே என்று நான் சொல்லவில்லை. கோழி வாங்கும் முன் வீட்டில் பெரியவர்களிடம் "இந்த இடத்துல முன்னாடி இன்னா இருந்தது?" என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் மண்ணில் மேய விடாதீர்கள். சிமெண்ட் தரையிலோ, மாடியிலோ, உமி பரப்பிய கூட்டிலோ வையுங்கள். தீனியைத் தரையில் இறைக்காமல் தட்டில் வையுங்கள்.

முடிவாக

1. முதலில் இடம், பிறகு கூடு, கடைசியில்தான் கோழி. நான் தலைகீழாகச் செய்தேன்.
2. ஐந்து அல்லது பத்தில் தொடங்குங்கள். முதல் தடவை என்றால் ஒரு மாதக் குஞ்சு வாங்கினால் பல்பு வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும்.
3. குண்டு பல்பு! எல்இடி அல்ல.
4. தடுப்பூசிக்குத் தெருவைச் சேருங்கள். ஒரு வீட்டுக் கோழி மட்டும் பிழைக்க முடியாது.
5. தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். எழுதியதால்தான் என் தப்பு எனக்கே தெரிந்தது.

அந்த ரோஸ் கலர் குஞ்சைக் கேட்கிறீர்களா? சாயம் போய் வெள்ளைச் சேவலாகி, விடியற்காலை நாலு மணிக்குத் தெருவையே எழுப்பியது. மாடியிலிருந்து ஆயா அதைப் பகலில் கீழே இறக்கி விடுவார். போன வாரம் அது சிமெண்ட் ஓரத்தில் வெடித்திருந்த இடத்தில் மண்ணைச் சீய்க்கப் போனது. நான் எழுந்திருப்பதற்குள் ஆயா செருப்பைக் கழற்றி வீசினார். "அங்க போவாத சனியனே! தெரியாது உனுக்கு?"

மறுநாள் அந்த வெடிப்பையும் பூசிவிட்டோம். சந்தேகம் இருக்கிறவர்கள் மின்னியல் துறை இரண்டாம் ஆண்டு வகுப்பில் ஜன்னல் ஓரம் மூன்றாவது பெஞ்சில் வந்து கேட்கலாம். அடுத்த தடவை சொட்டு மருந்துக் குப்பி வாங்கும்போது இன்னும் ஐம்பது கோழிக்கு இடம் இருக்கிறது.